செயற்கை ஈரநிலத்தில் நீரோட்டமும் நைட்ரஜனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கழிவுநீரைச் சுத்திகரிக்க நாணலும் ஜல்லியுமாகப் படுகை அமைப்பவர்கள் பெரும்பாலும் எந்தச் செடி வைப்பது, எவ்வளவு இடம் வேண்டும் என்றுதான் கேட்கிறார்கள். தண்ணீரை எப்படி விடுவது என்ற கேள்வி கடைசியில்தான் வருகிறது. நைட்ரஜனைப் பொறுத்தவரை முதலில் கேட்க வேண்டியது அதைத்தான். அதனால் இந்தப் பக்கம் முழுக்க நீரோட்டத்தைப் பற்றியதுதான்.

செயற்கை ஈரநிலம் என்றால் என்ன?

சதுப்பு நிலத்தில் தானாக நடக்கும் சுத்திகரிப்பை, நமக்கு வேண்டிய இடத்தில் நடக்கும்படி கட்டி வைப்பது. மூன்று வகை உண்டு. தண்ணீர் குளம்போல வெளியே தெரிய, நடுவே செடிகள் நிற்பது ஒன்று. ஜல்லிப் படுகைக்குள் ஒரு பக்கம் புகுந்து மறு பக்கம் வெளியேறும் கிடைமட்டப் படுகை இன்னொன்று. மேலே ஊற்றி அடியில் வடியவிடும் செங்குத்துப் படுகை மூன்றாவது. ஜெர்மனியில் கேத்தே சைடல் 1950-களில் கோரைகளை வைத்துச் செய்த சோதனைகளிலிருந்து இந்தத் துறை வளர்ந்தது. நம் பக்கத்தில் ஆரோவில்லில் பல குடியிருப்புகளின் கழிவுநீர் இப்படிப்பட்ட படுகைகள் வழியாகச் சுத்தமாகிறது.

கழிவுநீரில் நைட்ரஜன் எந்த வடிவத்தில் இருக்கிறது? அது எப்படிப் போகிறது?

செப்டிக் டேங்கை விட்டு வெளியே வரும்போது பெரும்பகுதி அம்மோனியமாகத்தான் இருக்கும். சிறுநீரில் இருந்த யூரியா வழியிலேயே உடைந்து அம்மோனியமாகிவிடுகிறது.

அங்கிருந்து அது காற்றில் கலக்கும் நைட்ரஜன் வாயுவாக மாற வேண்டும் என்றால் இரண்டு படி ஏற வேண்டும். முதல் படியில், ஆக்சிஜன் உள்ள இடத்தில் ஒரு கூட்டம் நுண்ணுயிர்கள் அம்மோனியத்தை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். இதை நைட்ரேட்டாதல் என்கிறோம். இரண்டாவது படியில், ஆக்சிஜன் இல்லாத இடத்தில், தின்பதற்குக் கரிமப்பொருள் இருந்தால், வேறொரு கூட்டம் அந்த நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக விடுவிக்கும். இது நைட்ரேட் நீக்கம்.

சிக்கல் என்னவென்றால், முதல் படிக்குக் காற்று வேண்டும், இரண்டாம் படிக்குக் காற்று கூடாது. ஒரே படுகையில் இரண்டும் நடக்க வேண்டுமென்றால் இடத்தால் பிரிக்க வேண்டும், அல்லது நேரத்தால் பிரிக்க வேண்டும். அந்தப் பிரிவினையைச் செய்து கொடுப்பது தண்ணீர் வரும் விதம்தான்.

அம்மோனியத்தையும் நைட்ரைட்டையும் நேரடியாகச் சேர்த்து நைட்ரஜன் வாயுவாக்கும் அனாமாக்ஸ் என்ற குறுக்குவழியும் உண்டு. 1990-களில் நெதர்லாந்தில் கண்டறியப்பட்டது. ஈரநிலங்களிலும் அது நடக்கிறது. ஆனால் வீட்டுப் படுகையை அதை நம்பி வடிவமைக்க முடியாது.

ஆக்சிஜன் அவ்வளவு பெரிய பிரச்சினையா? தண்ணீரிலேயே ஆக்சிஜன் கரைந்திருக்கிறதே?

கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும். ஒரு கிராம் அம்மோனிய நைட்ரஜனை (அதாவது அம்மோனியத்தில் உள்ள நைட்ரஜனின் எடையை மட்டும் கணக்கிட்டு) நைட்ரேட்டாக்க ஏறத்தாழ 4.6 கிராம் ஆக்சிஜன் தேவை. லிட்டருக்கு 50 மில்லிகிராம் அம்மோனிய நைட்ரஜன் வருகிறது என்றால், ஒவ்வொரு லிட்டருக்கும் சுமார் 230 மில்லிகிராம் ஆக்சிஜன் வேண்டும். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் அதிகபட்சம் ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் பிடித்து வைக்கும். தேவை அதைப்போல முப்பது மடங்கு. அதுவும் நைட்ரேட்டாக்கும் நுண்ணுயிர்களுக்கு வந்து சேருவதற்குள், கரிமக் கழிவைத் தின்னும் வேகமான நுண்ணுயிர்கள் முதல் பங்கை எடுத்துக்கொள்ளும்.

அதே ஒரு லிட்டர் காற்றில் 270 மில்லிகிராம் அளவுக்கு ஆக்சிஜன் இருக்கிறது. அப்படியானால் தண்ணீர் வழியாக ஆக்சிஜனைக் கொண்டுபோக முயல்வதைவிட, ஜல்லியின் இடுக்குகளில் இருக்கும் தண்ணீரை வெளியேற்றிக் காற்றை உள்ளே இழுப்பது எவ்வளவோ மேல்.

நாணலின் வேர் ஆக்சிஜனை அடியில் கொண்டுபோய்க் கொடுக்கும் என்கிறார்களே?

கொடுக்கும். ஆனால் கொஞ்சம்தான்.

இந்த நம்பிக்கைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. ஜெர்மனியில் ரைன்ஹோல்ட் கிக்குத் முன்வைத்த வேர்மண்டல முறை இதன் மேல்தான் நின்றது. ஓத்ஃப்ரேசன் என்ற ஊரில் 1974-ல் முதல் பெரிய படுகை இயங்கத் தொடங்கியது. களிமண் கலந்த மண்ணில் நாணல் நட்டால் வேர் போகப் போக மண் இளகி நீர் எளிதாக ஓடும், வேர் வழியாக ஆக்சிஜனும் இறங்கும் என்பது எதிர்பார்ப்பு. 1980-களில் டென்மார்க்கில் இதே முறையில் ஏராளமான படுகைகள் கட்டினார்கள். மண் எதிர்பார்த்த அளவு இளகவில்லை. தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலேயே வழிந்து ஓடியது. கரிமக் கழிவு நன்றாகக் குறைந்தது, அம்மோனியம் மட்டும் பெரும்பாலும் அப்படியே வெளியே வந்தது.

ஹான்ஸ் பிரிக்ஸ் குழுவினர் ஒரு டேனிஷ் நாணல் படுகையில் அளந்து பார்த்தார்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு நாளைக்கு நாணல் தண்டு வழியாக இரண்டு கிராமுக்குச் சற்று அதிகமான ஆக்சிஜன் கீழே இறங்கியது. கிட்டத்தட்ட முழுவதையும் வேரும் வேர்க்கிழங்கும் தங்கள் மூச்சுக்கே செலவழித்துவிட்டன. சுற்றியிருந்த மண்ணுக்கு மிஞ்சியது 0.02 கிராம். 18 சதுர மீட்டர் படுகையில் அந்தக் கணக்கின்படி நாளுக்கு அரை கிராம்கூடக் கிடைக்காது. ஒரு குடும்பத்தின் 720 லிட்டர் கழிவுநீரில் உள்ள 36 கிராம் அம்மோனிய நைட்ரஜனுக்குத் தேவையோ 160 கிராமுக்கு மேல்.

அப்படியென்றால் செடியே வேண்டாமா?

வேண்டும். கலிபோர்னியாவின் சான்டீ என்ற ஊரில் 1980-களில் ரிச்சர்ட் கெர்ஸ்பெர்க் குழுவினர் நான்கு படுகைகளை ஒப்பிட்டார்கள். உள்ளே போன தண்ணீரில் லிட்டருக்கு 24.7 மில்லிகிராம் அம்மோனிய நைட்ரஜன். வெளியே வந்தது கோரைப் படுகையில் 1.4, நாணலில் 5.3, சம்பில் 17.7, செடியே இல்லாத படுகையில் 22.1. இவ்வளவு பெரிய பலன் பிற்காலத்துப் படுகைகளில் அரிதாகவே கிடைத்தது. ஆனால் இதில் நீரோட்டத்தைப் பற்றிய பாடம் ஒன்று இருக்கிறது. அந்தப் படுகைகள் முக்கால் மீட்டர் ஆழம். கோரை வேர் 60 சென்டிமீட்டரைத் தாண்டி இறங்கியது, சம்பு வேர் 30 சென்டிமீட்டரோடு நின்றுவிட்டது. வேர் அடர்ந்த மேல் பகுதியில் நீருக்குத் தடை அதிகம், அதனால் அடியில் இருக்கும் வெறும் ஜல்லி வழியாகத்தான் தண்ணீர் ஓட விரும்பும். வேர் எட்டும் ஆழத்தைவிடப் படுகையை ஆழமாகத் தோண்டினால், கழிவுநீரின் பெரும்பங்கு வேரைப் பார்க்காமலேயே வெளியேறிவிடும்.

வாழும் செடி உறிஞ்சும் நைட்ரஜன் தனிக் கணக்கு. கழிவுநீரின் சுமையோடு ஒப்பிட்டால் அது பொதுவாகச் சிறிய பங்கு, அதுவும் அறுவடை செய்து வெளியே எடுத்தால்தான் உண்டு. அப்படியே மட்கவிட்டால் திரும்பவும் தண்ணீருக்கே வந்துவிடும்.

செங்குத்துப் படுகை அம்மோனியத்தை எப்படி எடுக்கிறது?

நெல் வயலில் காய்ச்சலும் பாய்ச்சலும் என்று சொல்வோமே, அதேதான். தண்ணீரை ஒரே சீராகச் சொட்டவிடாமல், சேர்த்து வைத்து ஒரு வீச்சாக மேலே பாய்ச்ச வேண்டும். சில நிமிடங்களில் படுகையின் பரப்பு முழுவதும் நனைந்து மூடிக்கொள்ளும். தண்ணீர் கீழே இறங்கும்போது முன்னால் இருக்கும் காற்றைத் தள்ளும், பின்னால் புதுக் காற்றை இழுத்துக்கொண்டு போகும். அடுத்த பாய்ச்சல் வரைக்கும் ஜல்லியும் மணலும் ஈரப்படலத்தோடு காற்றில் நிற்கும். அம்மோனியம் அந்தப் படலத்தில் ஒட்டிக்கொண்டு, ஆக்சிஜன் வந்ததும் நைட்ரேட்டாகிவிடும்.

நெல் விவசாயிக்கு இதே வேதியியல் நஷ்டம். வயல் காய்ந்து மறுபடி நிறையும்போது, போட்ட யூரியாவில் ஒரு பகுதி நைட்ரேட்டாகி, பிறகு வாயுவாகிப் பறந்துவிடுகிறது. யூரியாவை மேலே தூவாமல் சேற்றுக்குள் ஆழமாக வைக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். அவர் தடுக்கப் பார்ப்பதை நாம் கழிவுநீரில் வேண்டுமென்றே செய்கிறோம்.

எவ்வளவு நேரம் காய விடுவது என்பதில் பிரான்ஸ் நாட்டு முறை நல்ல வழிகாட்டி. அங்கே செப்டிக் டேங்க்கூட இல்லாமல், சலித்த கழிவுநீரை நேராகப் படுகையில் ஊற்றுகிறார்கள். முதல் கட்டத்தில் மூன்று படுகைகள். ஒன்றுக்கு மூன்றரை நாள் பாய்ச்சல், அடுத்த ஏழு நாள் ஓய்வு. அந்த ஓய்வில் மேலே படிந்த கசடு காய்ந்து வெடித்து மட்குகிறது, காற்றுக்கு மறுபடி வழி பிறக்கிறது. இரண்டு கட்டமும் சேர்ந்து ஆளுக்கு இரண்டு சதுர மீட்டர் அளவுதான், ஆனாலும் அம்மோனியத்தின் பெரும்பகுதி நைட்ரேட்டாகிவிடுகிறது.

நைட்ரேட்டாகிவிட்டால் வேலை முடிந்ததா?

பாதிதான் முடிந்தது. நைட்ரஜன் இன்னும் தண்ணீரில்தான் இருக்கிறது. தென்னைக்கும் வாழைக்கும் பாய்ச்சுவதென்றால் அது உரம். அங்கே அதை நீக்கப் பணம் செலவழிப்பது வீண். ஆனால் நிலத்தடி நீரிலோ ஏரியிலோ கலக்கும் என்றால் விடக்கூடாது.

நைட்ரேட்டை நீக்கக் கரிமப்பொருள் வேண்டும். செங்குத்துப் படுகை அம்மோனியத்தோடு சேர்த்துக் கரிமக் கழிவையும் தின்று முடித்துவிடுகிறது. அதனால் அடுத்து ஒரு கிடைமட்டப் படுகை வைத்தாலும், நைட்ரேட்டை நீக்கும் நுண்ணுயிர்களுக்கு அங்கே உணவு பற்றாக்குறைதான்.

இதற்கு எளிய வழி, வெளியே வந்த நீரில் ஒரு பங்கைத் திரும்ப செப்டிக் டேங்கின் முகப்புக்கே அனுப்புவது. அங்கே கரிமக் கழிவும் ஏராளம், ஆக்சிஜனும் இல்லை. டென்மார்க்கின் வீட்டு அளவு செங்குத்துப் படுகைகளில் இப்படித்தான் செய்கிறார்கள். புதிதாக வரும் நீருக்குச் சமமான அளவைத் திருப்பினால் அதிகபட்சம் பாதி நைட்ரஜன் போகும். இரு மடங்கு திருப்பினால் மூன்றில் இரண்டு பங்கு. அதற்கு மேல் போனால் கூடுதல் பலன் சுருங்கிக்கொண்டே வரும், டேங்கில் தண்ணீர் தங்கும் நேரம் குறைந்து கசடு கலங்கி எழும், காற்றும் கூடவே வந்து காரியத்தைக் கெடுக்கும். ஒன்றிலிருந்து இரண்டு மடங்குக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது.

திருப்பி விடுவதில் இன்னொரு ஆதாயம். ஒரு கிராம் நைட்ரஜன் நைட்ரேட்டாகும்போது, கால்சியம் கார்பனேட் கணக்கில் ஏழு கிராமுக்கு மேல் காரத்தன்மை கரைகிறது. மென்னீர் உள்ள ஊர்களில் நீர் புளித்துப்போய் (அமிலமாகி) அந்த நுண்ணுயிர்களே முடங்கிவிடும். நைட்ரேட் நீங்கும்போது அதில் பாதி திரும்பக் கிடைக்கிறது.

நிரப்பி, நிறுத்தி, வடிக்கும் முறை என்று ஒன்று உண்டாமே?

உண்டு. கடலின் ஏற்ற வற்றம்போலப் படுகையை முழுக்க நிரப்புவது, சில மணி நேரம் நிறுத்துவது, முழுக்க வடிப்பது. நிறைந்திருக்கும்போது அம்மோனியம் ஜல்லியின் படலத்தில் ஒட்டும். வடிந்ததும் காற்று புகுந்து அது நைட்ரேட்டாகும். அடுத்த முறை புதுக் கழிவுநீர் நிரம்பும்போது அந்த நைட்ரேட் தண்ணீருக்குள் இறங்கி, புதிதாக வந்த கரிமப்பொருளைக் கொண்டு வாயுவாகிவிடும். ஒரே தொட்டியில், நேரத்தைப் பிரித்தே இரண்டு படியும் நடக்கிறது. அழகான ஏற்பாடு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பம்ப், டைமர், மின்சாரம் மூன்றும் தவறாமல் இருக்க வேண்டும். கவனிக்க ஆளில்லாத இடத்தில் இதை வைக்க நான் சொல்லமாட்டேன்.

தண்ணீர் எத்தனை நாள் தங்க வேண்டும்? எப்படிக் கணக்கிடுவது?

படுகை 6 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், தண்ணீர் நிற்கும் ஆழம் 60 சென்டிமீட்டர் என்று வைப்போம். மொத்தக் கனஅளவு 10.8 கன மீட்டர். ஜல்லிக்கு நடுவே இடைவெளி 40 சதவீதம் என்றால் தண்ணீருக்குக் கிடைக்கும் இடம் 4,320 லிட்டர். நாளுக்கு 720 லிட்டர் வந்தால் தங்கும் நேரம் 6 நாள்.

இது காகிதக் கணக்கு. எல்லாத் துளியும் வரிசையில் நின்று சரியாக ஆறாம் நாள் வெளியேறுவதில்லை. சில நீர் இரண்டே நாளில் குறுக்கே ஓடிவிடும், சில நீர் மூலையில் பத்து நாள் கிடக்கும். சராசரி ஆறுதான், ஆனால் பலன் ஒன்றல்ல. லிட்டருக்கு 40 மில்லிகிராம் நைட்ரேட் நைட்ரஜன் உள்ளே வருகிறது, வரிசை குலையாமல் ஓடினால் அது 2 ஆகக் குறையும் என்று எடுத்துக்கொள்வோம். அதே நுண்ணுயிர், அதே வேகம், அதே ஆறு நாள். படுகை மூன்று தொட்டிகள் அடுத்தடுத்து இருப்பதுபோல நடந்துகொண்டால் வெளியே வருவது 5. முழுக்கக் கலங்கும் ஒரே தொட்டிபோல நடந்துகொண்டால் 10. இடத்தைக் கூட்டாமல், ஓட்டத்தை ஒழுங்குபடுத்தியே 10-ஐ 5 ஆக்கலாம் என்பதுதான் இதில் நமக்கு வேண்டிய சேதி.

குறுக்கே ஓடுகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

உப்புச் சோதனை போதும். இரண்டு கிலோ சாதா உப்பைப் பெரிய டிரம்மில் தண்ணீரோடு கரைத்து, வழக்கமாக வரும் கழிவுநீரோடு கலந்து சில மணி நேரத்தில் உள்ளே விட வேண்டும். அடர்த்தியாக ஒரேயடியாக ஊற்றினால் உப்புநீர் கனத்தால் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும், சோதனையே பொய்யாகிவிடும். பிறகு வெளியேறும் இடத்தில் மின்கடத்துத்திறன் மீட்டரை வைத்து, காலை, மதியம், மாலை, இரவு என்று குறித்துக்கொண்டே வர வேண்டும். எண் மெதுவாக ஏறி, உச்சம் தொட்டு, இறங்கும். மேலே சொன்ன படுகையில் ஐந்தாம் நாளை ஒட்டி உச்சம் வந்தால் நன்றாக ஓடுகிறது. முதல் நாளிலோ இரண்டாம் நாளிலோ வந்துவிட்டால் குறுக்கு வழி இருக்கிறது. உச்சத்துக்குப் பிறகு நீண்ட வால் இழுத்தால் தேங்கிய மூலைகள் இருக்கின்றன.

குறுக்கே ஓடுவதற்குப் பெரும்பாலும் நுழைவாயில்தான் காரணம். ஒரே குழாய் நடுவில் கொட்டினால் நடுவிலேயே ஓடும். முழு அகலத்துக்கும் துளையிட்ட குழாயைக் கிடத்தி, முதல் அரை மீட்டருக்குப் பெருங்கல்லை நிரப்பினால் நீர் பரவும். வெளியேறும் பக்கமும் அப்படியே. குளம்போல் திறந்த ஈரநிலமானால் நீளவாக்கில் அமைப்பது, நுழைவுக்கு எதிரே நீருக்கடியில் ஒரு மேடு விடுவது, குறுக்கே ஆழமான வாய்க்கால் வெட்டி நீரை மறுபடி பரவவிடுவது எல்லாம் பலன் தரும்.

விவசாய நிலத்திலிருந்து வரும் நைட்ரேட்டுக்கும் இதே விதிகளா?

அங்கே பிரச்சினையே வேறு. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மக்காச்சோளமும் சோயாவும் விளையும் வயல்களுக்கு அடியில் வடிகால் குழாய்கள் ஓடுகின்றன. அவற்றில் வருவது ஏற்கெனவே நைட்ரேட், அதனால் காற்று தேவையில்லை. ஆழம் குறைந்த நீர், அடியில் சேறு, மட்கும் தண்டு, செடி இருந்தால் போதும். மிசிசிப்பி வழியாக மெக்சிகோ வளைகுடாவுக்குப் போய்க் கடலை மூச்சுத்திணற வைக்கும் நைட்ரேட்டைத் தடுக்க, அங்கே அரசுத் திட்டத்தில் ஈரநிலங்கள் கட்டுகிறார்கள். அவற்றுக்கு மேலுள்ள வடிநிலத்தில் அரை முதல் இரண்டு சதவீதப் பரப்பே அவற்றின் அளவு. நைட்ரேட்டில் 40 முதல் 90 சதவீதம் வரை குறைகிறது.

40-க்கும் 90-க்கும் நடுவில் இருக்கும் அந்தத் தூரத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, ஒரு சதுர மீட்டருக்கு எவ்வளவு நீர் வந்து விழுகிறது என்பதும் நீர் எவ்வளவு வெதுவெதுப்பாக இருக்கிறது என்பதும்தான். வசந்தகால மழையில் நைட்ரேட் மொத்தமாக அடித்துக்கொண்டு வரும்போது ஓட்டமும் அதிகம், குளிரும் விட்டிருக்காது. வேலை அதிகமான வாரத்தில்தான் ஈரநிலத்தின் கை தளர்ந்திருக்கிறது.

கனமழையும் கோடை வெயிலும் என்ன செய்யும்?

நம்முடைய 18 சதுர மீட்டர் படுகையில் ஒரே நாளில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,800 லிட்டர் விழுகிறது. இரண்டரை நாள் கழிவுநீருக்குச் சமம். ஜல்லியின் இடைவெளியில் நீர்மட்டம் 25 சென்டிமீட்டர் ஏறும், சரியாகத் தங்காத நீர் முன்னால் தள்ளப்பட்டு வெளியேறும். விழும் மழையை ஒன்றும் செய்ய முடியாது, ஆனால் மாடித் தண்ணீரும் வாசல் தண்ணீரும் படுகைக்குள் வராமல் சுற்றிக் கரை போட்டே ஆக வேண்டும்.

கோடையில் நேர்மாறு. தழைத்த படுகை நாளுக்கு 10 மில்லிமீட்டர் நீரை ஆவியாக விடுகிறது என்று வைத்தால், உள்ளே போகும் 720 லிட்டரில் வெளியே வருவது 540 தான். உள்ளே லிட்டருக்கு 50 மில்லிகிராம் நைட்ரஜன், வெளியே 40 என்று அளந்தால் இருபது சதவீதம்தான் குறைந்ததுபோலத் தெரியும். மொத்த எடையைப் பாருங்கள். 36 கிராம் உள்ளே போய் 21.6 கிராம் வெளியே வருகிறது, நாற்பது சதவீதம் போயிருக்கிறது. ஓட்டத்தை அளக்காமல் செறிவை மட்டும் அளந்தால் நல்ல படுகையையும் தப்பாக எடைபோட்டுவிடுவோம்.

நைட்ரஸ் ஆக்சைடு வரும் என்கிறார்களே, அது ஆபத்தா?

நூறாண்டுக் கணக்கில், எடைக்கு எடை கார்பன் டை ஆக்சைடைப்போல 273 மடங்கு புவியைச் சூடாக்கும் வாயு அது. நைட்ரேட் நீக்கம் கடைசிப் படிக்கு முன்னாலேயே நின்றுபோனால் வெளிவரும். ஆக்சிஜன் அரைகுறையாக எட்டிப் பார்க்கும் இடம், கரிமப்பொருள் போதாத இடம், நீர் புளித்த இடம் இவற்றில் அதிகம். காயும் கட்டத்தையும் நிறையும் கட்டத்தையும் தெளிவாகப் பிரித்து, நைட்ரேட் நீக்கும் இடத்தில் கரிமப்பொருள் குறையாமல் பார்த்துக்கொள்வதுதான் நம் கையில் இருப்பது.

ஏற்கெனவே கட்டிய கிடைமட்டப் படுகையில் அம்மோனியம் குறையவில்லை. இடித்துவிட்டுக் கட்ட வேண்டுமா?

உடனே வேண்டாம். முதலில் நுழைவுப் பக்கம் ஜல்லி அடைத்துத் தண்ணீர் மேலே தேங்குகிறதா என்று பாருங்கள். தேங்கினால் அந்த ஒரு மீட்டர் ஜல்லியை எடுத்துக் கழுவிப் போட வேண்டும், செப்டிக் டேங்கையும் காலி செய்ய வேண்டும். கசடு வருவது நிற்காமல் வேறு எதைச் செய்தும் பயனில்லை.

அப்புறம், வெளியேறும் குழாயில் திருப்பக்கூடிய எல்போ இருந்தால் நீர்மட்டத்தை அவ்வப்போது இறக்கி ஏற்றிப் பாருங்கள். மேல் ஜல்லிக்குக் காற்று போகும். ஓரளவு பலன் கிடைக்கும், முழுத் தீர்வு ஆகாது. இடம் இருந்தால், படுகைக்கு முன்னால் ஒரு சிறிய செங்குத்துப் படுகையைச் சேர்ப்பதுதான் சரியான வழி. நில மட்டத்தில் ஒரு மீட்டருக்கு மேல் சரிவு கிடைத்தால் பம்ப்கூடத் தேவையில்லை, தொட்டி நிறைந்ததும் தானாகக் கொட்டும் சைஃபன் போதும்.

மாற்றிய மறுநாளே சோதித்துவிட்டுக் கைவிட வேண்டாம். நைட்ரேட்டாக்கும் நுண்ணுயிர்கள் மெதுவாகப் பெருகுபவை, சில வாரங்கள் ஆகும். மீன்தொட்டிக் கடையில் விற்கும் சோதனைப் பட்டையால் வாரம் ஒரு முறை செங்குத்துப் படுகையின் வடிநீரில் நைட்ரேட்டைப் பாருங்கள். அது ஏறத் தொடங்கினால் காற்று உள்ளே போகிறது என்று அர்த்தம். கிடைமட்டப் படுகையைத் தாண்டியும் நைட்ரேட் மிஞ்சி வந்தால், திருப்பி விடும் குழாயை அப்போது பதிக்கலாம்.